ஆணம் கணக்கில் வராது

1

இந்தக் கதையில் வரும் கிட்னி ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது, அடுப்பு என் வீட்டுடையது. மூன்றையும் ஒரே ஆளுக்குள் வைத்து மீராசா என்று பெயர் போட்டிருக்கிறேன். சாய்ந்தமருதில் அப்படி ஒருவர் இல்லை. "என்னப் பத்தியா எழுதின?" என்று யாரும் என் வாசலில் வந்து நிற்கக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கதை கிடைத்தது ஆஸ்பத்திரி வாங்கில், அந்த நீளப் பெஞ்சில். கிளினிக் நாளில் காலையிலேயே போய்க் குந்தினால், பெயர் கூப்பிடும் வரைக்கும் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நெஞ்சு வருத்தக்காரர் நெஞ்சைப் பற்றிக் கதைப்பார். சீனி வருத்தக்காரர் காலைத் தூக்கிக் காட்டுவார். கிட்னிக்காரர்கள் கிட்னியைப் பற்றிக் கதைக்கவே மாட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக் கதைதான். எதை விட்டார்கள், எதை விடமுடியாமல் தவிக்கிறார்கள், எதைக் களவாகத் தின்றார்கள். நோன்பு காலத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இருப்பவர்கள்கூடச் சாப்பாட்டை இவ்வளவு ஆசையோடு நினைக்கமாட்டார்கள்.

அந்த வாங்கில் நான் ஏன் இருந்தேன் என்று கேட்கவேண்டாம். இருந்தேன்.

பீர்க்கங்காயையும் கோவா என்கிற முட்டைக்கோசையும் வைத்து ஒரு கதையா என்று எனக்கே சந்தேகம். ஆனால் ஒரு மனுசனை மெசினில் போடுவதா விடுவதா என்பது அவன் மரக்கறிப் பையைப் பார்த்துத் தீர்மானமாகும் என்றால், அதை எழுதத்தான் வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"சுபஹுத் தொழுகை நேரத்துக் கடல் அமைதியாக இருந்தது. கரையில் நின்ற மீராசாவின் மனம் மட்டும்

இதோடு நிறுத்திவிட்டேன். மீராசா கடலைப் பார்க்கிற ஆள் இல்லை. அவர் மேசன். கடற்கரை அவருக்கு உப்பு மண். அந்த மண்ணில் கலவை போட்டால் சுவர் வெளுத்துக் கொட்டும். அதற்கு மேல் கடலைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்:

"மனித உடலிலே சிறுநீரகங்கள் இரண்டு உள்ளன. அவையாவன

இது பள்ளிக்கூடப் புத்தகம். அந்தப் பக்கம் வருவதற்கு முன்னமே நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் வாசிக்கிற நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது. ஆகவே இப்படியே வைத்துக்கொள்வோம்:

டொக்டர் ஜுனைட் ரிப்போட்டை ஒருதரம் பார்த்தார், மீராசாவை ஒருதரம் பார்த்தார்.

"வாப்பா, ரத்தத்தில பொட்டாசியம் கூடிட்டு. கிட்னி அத வெளிய தள்ளமாட்டாம நிக்கிது. சாப்பாட்டால இறக்கினா நல்லம். இறங்கல்லயெண்டா மெசின்லதான் போடணும்."

மெசின் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மெசின். மீராசா குடியிருக்கும் ஒழுங்கையில் மஜீட் என்பவர் அதற்குப் போய்வருகிறார். போகிற நாளில் முகத்தைச் சவரம் செய்து மாப்பிள்ளை மாதிரிப் போவார். வரும்போது பிழிந்துபோட்ட சாரன் மாதிரி ஓட்டோவிலிருந்து இறங்குவார். ஸலாம் சொன்னால் கண்ணால்தான் பதில்.

மீராசாவின் பயம் அது மட்டுமில்லை. அவர் டொக்டரிடம் நேராகவே கேட்டார்.

"வெளிய போற ரத்தம் என்ட ரத்தம்தான் திரும்பி வருமெண்டு யாரு பொறுப்பு?"

"ஒங்கடதான் வாப்பா வரும். மாற வழியில்ல."

"அப்பிடித்தான் சீமெந்துக் கடைக்காரனும் சொல்லுவான்."

இந்த ஒரு வசனத்தில் ஆள் யாரென்று உங்களுக்கு விளங்கியிருக்கும். வாழ்நாள் முழுவதும் கலவையில் மண்ணைக் கூட்டுகிறவர்களோடும், கம்பியின் பருமனைக் குறைக்கிறவர்களோடும் வேலை செய்தவர். எதையும் தட்டிப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை.

3

இந்த இடத்தில் எந்தச் சாப்பாடு ஆகும், எது ஆகாது என்று சொல்லிக்கொடுக்கிற மிஸ் வருகிறார். பெயர் கேதீஸ்வரி. காரைதீவுப் பிள்ளை.

முதலில் அவரைக் கடுமையான ஆளாக எழுதினேன். மூக்குக்கண்ணாடி, இழுத்துக் கட்டின தலைமுடி, சவுக்கு மாதிரிக் குரல். அப்படி எழுதினால் மீராசா சண்டை பிடிக்க வசதி. பிறகு எனக்கு அந்த ஆளில் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. நான் கிளினிக்கில் கண்ட பிள்ளைக்குப் பகல் சாப்பிட நேரமில்லை. மேசை லாச்சிக்குள் பிஸ்கட்டை வைத்து, ஆள் மாறுகிற இடைவெளியில் ஒவ்வொன்றாய்த் தின்றுகொண்டிருந்தது. மற்றவர்களுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுக்கிற பிள்ளை. அதை எப்படிக் கொடுமைக்காரியாக்குவது? கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். முடியை அவிழ்த்துவிட்டேன். பிஸ்கட் இருக்கட்டும்.

மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த மரக்கறிகள் கிடந்தன. மீராசா தக்காளியை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"இது பிளாஸ்டிக்."

"ஓம் ஐயா. காட்டுறத்துக்குத்தான்."

"பிளாஸ்டிக்கக் காட்டி வைத்தியம். ம். காட்டுங்க."

கேதீஸ்வரி மேசையை இரண்டாகப் பிரித்தார். புடோல், பீர்க்கு, சுரைக்காய், கோவா, போஞ்சி, வெள்ளரி, கத்தரி எல்லாம் மீராசாவின் பக்கம் வந்தன. தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைக்காய், பூசணி, ஈரப்பலாக்காய், கீரை எல்லாம் அந்தப் பக்கம் போயின. பிளாஸ்டிக்கில் இல்லாததை வாயால் சொன்னார்: முருங்கை இலை, மரவள்ளி, செவ்விளநீர்.

"முருங்கையில என்ன புள்ள இரிக்கி? சின்னதில இரிந்து தின்னு தின்னெண்டு சொன்ன சாமான்."

"நல்ல கிட்னிக்கு அது நல்லது ஐயா. உங்கட கிட்னிக்குச் சுமை."

"அப்ப நல்லதெல்லாம் எனக்குக் கெடுதி."

"இப்போதைக்கு அப்படி நினைச்சுக்கொள்ளுங்க. இன்னொண்டு. ஆகிற மரக்கறியையும் சின்னச் சின்னதா வெட்டி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணிய ஊத்திப்போட்டுத்தான் கறி வைக்கணும். வீட்டில அம்மாட்டச் சொல்லுங்க."

மீராசா வீட்டுக்கு வந்து மனைவி சல்ஹா உம்மாவிடம் ஒரு சொல் குறையாமல் சொன்னார். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் பிழையாய்ச் சொன்னார் என்று பிறகு நீங்கள் நினைக்கக்கூடாது.

"அவிச்ச தண்ணியில கறி வெக்கப்படாதாம். ஊத்திப்போடணுமாம்."

"வெக்கல்ல."

"முருங்க வேணாமாம்."

"வேணாண்டா வேணாம். மெசினுக்குப் போய்க் கிடக்கிறத்துக்கு இது நல்லம்தானே?"

(ஒன்று சொல்லவேண்டும். இதை வாசித்துவிட்டு உங்கள் வீட்டு முருங்கையை வெட்டப் போகாதீர்கள். இது மீராசாவின் ரிப்போட்டுக்குச் சொன்னது. உங்கள் ரிப்போட் என்ன சொல்கிறது என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். கதைக்காரனிடம் வைத்தியம் கேட்டு யாரும் நன்றாயிருந்ததில்லை.)

4

மரக்கறி வாங்கும் பொறுப்பை மீராசா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தன் உயிரைத் தானே பார்த்து வாங்குவதுதான் புத்தி என்று பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனார்.

சந்தைக்கு வெளியே ஒரு பழைய குடைக்குக் கீழ் அன்னப்பிள்ளை என்பவர் சாக்கு விரித்துக் காய்பிஞ்சு விற்பார். பாண்டிருப்புப் பக்கம் அவருடைய தோட்டம். மீராசா ஒரு சுரைக்காயைத் தூக்கி, செங்கல்லைத் தட்டிச் சத்தம் கேட்கிற மாதிரி விரல் முட்டியால் தட்டினார்.

"காக்கா, அது சுரக்கா. செவுத்துக்கு வெக்கிற கல்லில்ல." (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.)

"சத்தம் சரியில்ல."

"அது பாட்டுப் படிக்கவா போகுது?"

மீராசா சுரைக்காயை வைத்துவிட்டுக் கத்தரிக்காயை எடுத்தார்.

"மருந்தடிச்சதா?"

"அடிச்சிருந்தா புழு இரிக்குமா? இந்தா பாருங்க." அன்னப்பிள்ளை ஒரு கத்தரிக்காயைப் பிளந்து உள்ளே நெளிந்த புழுவைக் காட்டினார்.

"புழுவக் காட்டி யாவாரம் பண்ற ஆள இண்டைக்குத்தான் காண்றன்."

"நம்பாத ஆளுக்கு வேற என்னத்தக் காட்டுற?"

அன்றிலிருந்து மீராசா அவரிடம்தான் வாங்கினார். நம்பி வாங்கினார் என்று எழுத ஆசை. நம்பவில்லை. ஒவ்வொரு பீர்க்கங்காயையும் தட்டினார். ஒவ்வொரு போஞ்சியையும் முறித்து நாரைப் பார்த்தார். புடோலை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூண் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ஆகாத மரக்கறி ஒன்றுகூட அந்தப் பைக்குள் விழவில்லை. கிழங்கு விற்கிறவர்களின் பக்கம் அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. எழுதுகிற நான் அவருடைய பையைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன், குற்றமில்லாத பை.

5

அடுத்த ரிப்போட் முதல் ரிப்போட்டைவிட மோசம்.

மீராசாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது ரத்தம் எடுத்த இடத்தில். "என்ட போத்தலும் வேறொருத்தன்ட போத்தலும் மாறிட்டு." வேறொரு இடத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. பிறகு சந்தேகம் கேதீஸ்வரியில் வந்தது. பிளாஸ்டிக்கைப் பார்த்துப் படித்த பிள்ளைக்குக் காய்பிஞ்சைப் பற்றி என்ன தெரியும்? கடைசியில் எல்லாச் சந்தேகமும் திரண்டு அன்னப்பிள்ளையின் குடைக்குக் கீழ் போய் நின்றது.

"என்னத்தப் போட்டு வளக்கிறீங்க இத?"

"தண்ணியும் சாணியும்."

"பொய். எனக்கு ரத்தத்தில ஏறிட்டு."

"என்ன, ஒங்கட ரத்தத்தில சாணியக் கண்டாங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மீராசா சிரிப்பை மன்னிக்கிற ஆள் இல்லை. பெரிய சத்தம் போட்டார். (அந்தச் சத்தத்தை முழுதாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். வெயிலுக்குள் குந்தியிருக்கிற ஒரு மனுசியைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொற்கள் அதில் இரண்டு இருந்தன.) அன்னப்பிள்ளை எழும்பி, அவருடைய பைக்குள் கையை விட்டு, தான் கொடுத்த புடோலைத் திருப்பி எடுத்தார்.

"நம்பிக்க இல்லாம எதத் திண்டாலும் ஒடம்பில ஒட்டாது காக்கா. வேற ஆள்கிட்ட வாங்குங்க."

டொக்டர் ஜுனைட் இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. இன்னும் ஒருதரம் பார்ப்போம் என்றார். அதிலும் இறங்காவிட்டால் மெசினுக்குக் கையில் நரம்பைத் தயார் பண்ண ஒரு சின்ன ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார். மீராசா தன் இடது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார், அப்போதே வெட்டப் போகிற மாதிரி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். எழுதத் தொடங்கும்போது ஒரு ஒழுங்கு வைத்தேன்: மீராசாவுக்குப் பின்னால் நின்றுதான் எழுதுவது, அவர் காணாததை நானும் காண்பதில்லை. சந்தைக்குப் போனார், போனேன். டொக்டரிடம் போனார், போனேன். ஆனால் அவர் குசினிக்குள் போகாத ஆள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு விறாந்தைக்கு வரும். ஆகவே எனக்கும் குசினி தெரியாது. விறாந்தையில் இருந்து தெரிவதை மட்டும் சொல்கிறேன். அவித்து வடித்த மரக்கறி சப்பென்று கிடக்கும். உப்பும் அளவோடுதான். அந்தச் சாப்பாட்டைத் தொண்டைக்குள் இறக்கியது பக்கத்தில் கோப்பையில் வரும் ஆணம்* ஒன்றுதான். அதை அவர் சோற்றில் ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டார். மிச்சத்தைத் தூக்கிக் குடித்தார்.

நல்லாயிருக்கு என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர் எதையும் அப்படிச் சொன்னதில்லை. சுவர் கட்டி முடித்தால் "விழாது" என்பார். அதுதான் அவருடைய பாராட்டு.

* ஆணம்: தேங்காய்ப் பால், பச்சை மிளகாய், மஞ்சள், கொஞ்சம் புளி சேர்த்து நீர்க்க வைப்பது. எங்கள் பக்கத்தில் சோற்றுக்கு எத்தனை கறி இருந்தாலும் ஆணம் வேண்டும். ஆனால் இண்டைக்கு என்ன கறி என்று கேட்டால் ஒருவரும் ஆணத்தைச் சொல்லமாட்டார்கள்.

6

கேதீஸ்வரி மிஸ் ரிப்போட்டை மேசையில் வைத்து நெற்றியைத் தடவினார்.

"ஐயா, நாளைக்கு உங்கட பகல் சாப்பாட்ட அப்பிடியே கட்டிக் கொண்டு வாங்க."

"ஏன், ஆஸ்பத்திரியில சோறில்லியா?"

"பாக்கிறத்துக்கு ஐயா. தின்னமாட்டன்."

மறுநாள் மீராசா பார்சலைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, தானே அவிழ்த்தார். கேதீஸ்வரி கரண்டியால் ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்தார்.

"பீர்க்கு. நல்லா அவிஞ்சிருக்கு. கோவாவும் சரி. மீன் சின்னத் துண்டு, அதுவும் சரி. எல்லாம் நான் சொன்ன மாதிரியே இருக்கு. எனக்கே விளங்கல்ல ஐயா."

"எனக்கு விளங்கும். அந்தப் பாண்டிருப்புக்காரி..."

"இது என்ன?"

பையின் அடியில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. மஞ்சள் நிறம். மூடியை இறுக்கிப் பிளாஸ்டிக் சொப்பின் பையால் சுற்றியிருந்தது.

"அது ஆணம்."

"ஆணமா? நான் ஒவ்வொருதரமும் கேட்டேனே, என்ன சாப்பிடுறீங்க எண்டு. ஒருநாளும் சொல்லல்லியே?"

"ஆணத்த ஆருடீ சாப்பாடெண்டு சொல்ற? அது சோத்த நனைக்கிற."

(வாய் தவறி "டீ" வந்துவிட்டது. எடுத்துவிடலாமென்று பார்த்தேன். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.)

"இத எதில வெச்சது ஐயா?"

"நான் எங்க கண்டன்? இரிங்க." மீராசா போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். "சல்ஹா, இந்த மிஸ் ஒண்டு கேக்கிறா. சொல்லு."

"அம்மா, நீங்க ஆணம் எப்பிடி வைக்கிறீங்க?"

போனில் குரல் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் சல்ஹா உம்மாவிடம் ஒருவர் ஆணம் வைக்கிற விதம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அது பெரிய வேலயில்ல மகள். ரெண்டாம் பால் எடுக்கிற, பச்ச மொளகா கீறிப் போடுற, வெங்காயம், மஞ்சள், புளி ஒரு சொட்டு. பொறகு அந்தத் தண்ணிய ஊத்திக் கொதிக்க விடுற."

"எந்தத் தண்ணி அம்மா?"

"மரக்கறி அவிச்ச தண்ணிதான். கறிக்கு வேணாமெண்டு நீங்க சொன்னீங்கதானே? கறிக்கு ஒரு சொட்டும் எடுக்கல்ல. கொட்டினா இஸ்ராபு மகள், வீண் வெரயம். நம்மட ஊட்ட சோறு வடிச்ச கஞ்சியும் கொட்டமாட்டன். சத்தெல்லாம் அதுக்குள்ளதானே இரிக்கி. அதால நான் குடிக்கிறல்ல, அவருக்கே முழுக்க வெக்கிறன். ஒடம்பு தேறட்டுமெண்டு."

கேதீஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். முதலில் மீராசா பயந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளை சிரிக்கிறது. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயா, பிடிச்சிட்டம். உங்கட மரக்கறியும் சரி, ரிப்போட்டும் சரி, விக்கிற ஆளும் சரி. நாங்க மரக்கறியில இருந்து வெளிய எடுத்த பொட்டாசியத்தையெல்லாம் நீங்க போத்தல்ல ஊத்திக் குடிச்சிருக்கிறீங்க."

மீராசா ஜாம் போத்தலைப் பார்த்தார். அவர் தட்டிப் பார்க்காத ஒரே சாமான் அதுதான்.

"என்ன மகள், பிழையா?" என்றது போன்.

கேதீஸ்வரி சிரிப்பை நிறுத்தி, மெல்லமாய், ஒவ்வொரு சொல்லாய் விளங்கப்படுத்தினார். இனி அந்தத் தண்ணீரைக் கொட்டினால் போதும், புளியையும் பாலையும் குறைத்தால் போதும் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டுதரம் சொன்னார். பிறகு சல்ஹா உம்மா கேட்டார்:

"அப்ப, ஏத்தினது நானா?"

பதில் சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது.

7

வீட்டுக்குப் போனதும் என்ன நடந்தது என்பதை மூன்றுவிதமாக எழுதினேன்.

முதலாவதில் சல்ஹா உம்மா அழுகிறார், மீராசா பக்கத்தில் போய்க் கண்ணீரைத்

இல்லை. மீராசாவின் கை சீமெந்து தின்ற கை. அது அதற்கெல்லாம் எழும்பாது.

இரண்டாவதில் மீராசா, "நீயா என்னக் கொல்லப் பாத்த?" என்று கேட்கிறார். கேட்கக்கூடிய ஆள்தான். ஆனால் அதை எழுதியபிறகு நான் பேனையை வைத்துவிட்டுப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். திரும்பி வந்து கிழித்தேன்.

மூன்றாவது இது. மீராசா போனபோது சோறும் கறியும் வந்தது. கோப்பை வரவில்லை.

"தண்ணி?"

"கொட்டிட்டன்."

"எங்க?"

"மண்ணில. ஆட்டுக்கு வெப்பமெண்டு பாத்தன். அதுக்கும் கிட்னி இரிக்குமெண்டு நெனச்சிக் கொட்டிட்டன்."

சிரிக்கவேண்டிய இடம். இருவரும் சிரிக்கவில்லை. மீராசா உலர்ந்த சோற்றைப் பிசைந்தார். விழுங்கத் தண்ணீர் குடித்தார்.

"இனி நான் ஆணம் வெக்கல்ல," என்றார் சல்ஹா உம்மா.

"சரி," என்றார் மீராசா.

அந்தச் "சரி"யை மாற்ற நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கதையைவிட நீளும். வேறு எதையாவது சொல்லும் ஐயா என்று கேட்டுப் பார்த்தேன். அந்த மனுசன் வாய் திறக்கவில்லை. நானே படைத்த ஆள், என் சொல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சல்ஹா உம்மா ஒவ்வொரு காயையும் வெட்டுவதற்கு முன் விறாந்தைக்குக் கொண்டுவந்து காட்டினார். "இது ஆகுமா?" "ஆகும்." "இது?" "ஆகும்." உப்பைக்கூடக் கேட்டுப் போட்டார். அடுப்படியில் முந்தி ஏதாவது பாட்டு முணுமுணுத்துப் படித்துக்கொண்டு ஆக்குவார், இப்போது அங்கிருந்து சட்டிச் சத்தம் மட்டும் வந்தது. தன் கையால் நஞ்சு வைத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிடக்கூடிய ஒரே ஆள் விறாந்தையில் குந்தி, ஆகும், ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மீராசா அன்னப்பிள்ளையிடமும் போனார். போய்ச் சாக்குக்கு முன்னால் நின்றார். அன்னப்பிள்ளை பார்க்காத மாதிரி வெண்டிக்காய்க்குத் தண்ணீர் தெளித்தார். மீராசா குனிந்து ஒரு சுரைக்காயை எடுத்து நேரே பைக்குள் வைத்தார்.

"என்ன காக்கா, தட்டல்லியா?"

"தட்டி என்ன?"

அன்னப்பிள்ளை நிமிர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வருத்தம் கூடிட்டோ?"

8

மோசமான முடிவைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அதை எழுதுவது லேசு. மீராசாவைக் கட்டிலில் கிடத்தி, கையில் குழாயைப் பூட்டி, சிவப்புக் குழாய் சுற்றிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இரண்டு பக்கம் ஓடியது. நன்றாகவும் வந்திருந்தது. வாசித்தால் அழுவீர்கள். உங்களை அழவைப்பதற்காக ஒரு மனுசனை மெசினில் போடுவது நியாயமில்லை. தண்ணீரைக் கொட்டத் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்த அந்தக் கிட்னிக்காரருக்குப் பொட்டாசியம் இறங்கியது. இறங்கியதால்தான் எனக்கு இதை எழுதவே மனம் வந்தது. ஆகவே மீராசாவுக்கும் இறக்கிவிடுகிறேன்.

டொக்டர் ஜுனைட் ரிப்போட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"வாப்பா, நல்லா எறங்கியிரிக்கி. கைய வெட்டத் தேவயில்ல. மெசின் இப்ப வேணாம்."

"இப்ப எண்டா?"

"இப்ப எண்டா இப்ப. இப்பிடியே கவனமா இரிந்தா அந்த 'இப்ப' நீண்டு போகும். நான் பொய் சொல்லல்ல."

மீராசா டொக்டரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். டொக்டரின் பதிலுக்கு மேல் மறுகேள்வி கேட்காமல் அந்த அறையை விட்டு அவர் வெளியே வந்தது அன்றைக்குத்தான். கேதீஸ்வரியின் கதவடியில் நின்று ரிப்போட்டை உயர்த்திக் காட்டினார். உள்ளே வேறொருவர் இருந்தார். அந்தப் பிள்ளை வாயில் பிஸ்கட்டோடு கையை மட்டும் உயர்த்தியது.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னார். மனதுக்குள் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். யன்னலால் காற்று அடித்தது. சட்டைக்குள் இழுத்து வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்து யன்னல் கம்பியில் வைத்தார். மாதக்கணக்கில் இல்லாத பசி ஒன்று வயிற்றைக் கிள்ளியது. என்ன கறியாயிருந்தாலும் திங்கலாம் போலிருந்தது.

9

இப்போது அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். முன்கதவால் போகவில்லை. வேலியோரமாய்ச் சுற்றிப் பின்பக்கம் போகிறார், குசினி வாசலுக்கு. நான் அவருக்குப் பின்னால் போகிறேன். முதல் தடவையாக எனக்கும் குசினி தெரிகிறது.

சல்ஹா உம்மா கோவா அவித்த சட்டியைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார், தண்ணீரைக் கொட்ட. மனுசனை அந்த இடத்தில் கண்டதும் நின்றுவிட்டார். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம். சட்டி கையில் சரிந்தபடி நிற்கிறது.

மீராசா வாயைத் திறக்கிறார்.

அவர் சொல்லவேண்டிய வசனம் எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

"எறங்கிட்டு." இது டொக்டருடைய செய்தி. அவர் சொல்லவேண்டியது இதற்கு அடுத்தது.

"நீ ஒண்டும் பிழ செய்யல்ல." இது மீராசாவின் வாய் இல்லை, என்னுடைய வாய்.

"ஆணம் நல்லாத்தான் இரிந்த." இது கிட்ட வருகிறது. ஆனால் அவருடைய தொண்டையில் சிக்கி நிற்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சொல்ல ஒருவருக்கு வராமல் போன வசனம் ஒன்று இருக்கும், அதை எடுத்து இவருக்குக் கொடுங்கள். சின்னதாக இருக்கவேண்டும், பெரிய வசனம் இவர் வாயில் நிற்காது. பொய்யாக இருக்கக்கூடாது, கண்டுபிடித்துவிடுவார். நல்ல செய்திதான் கையில் இருக்கிறது, ஆகவே பயப்படாமல் யோசியுங்கள்.

ஆனால் கெதியாய்ச் சொல்லுங்கள். சட்டி கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. அந்த மனுசியின் கை சுடும்.